வேரடிப் பகை

களை என்னும் சொல்லைப் போல் பல முகம் கொண்ட சொல் தமிழில் அரிது. வேண்டாத செடியும் களை. அதனை அகற்றும் வினையும் களை. மணப்பெண்ணின் முகத்தில் பொலிவதும் களையே. நாளெல்லாம் களையெடுத்து வீடு திரும்பும் பெண்ணின் உடம்பில் ஏறியிருப்பது களைப்பு. கொடியோரை அரசன் ஒறுப்பதற்கு உழவனின் களையெடுப்பையே வள்ளுவர் உவமை காட்டினார் என்பதை நம் மாணவர் அறிவர். பயிர் வாழக் களை நீங்க வேண்டும் என்பது தொன்றுதொட்டு வரும் பாடம். ஏன் நீங்க வேண்டும் என்று வகுப்பில் வினவினால், பயிருக்குரிய நீரையும் எருவையும் வெயிலையும் அது பறித்துக்கொள்கிறது என்று கடைசி இருக்கை மாணவனும் விடை சொல்லிவிடுவான். விடை தவறன்று; ஆனால் முழுமையும் அன்று. களையின் மேல் சாட்டப்பட வேண்டிய மற்றொரு குற்றம் உண்டு. அது நிலத்துக்கு மேலே நிகழ்வதன்று. தன் வேருக்குள் வேறொரு பகைவனுக்கு இடங்கொடுத்து, உணவூட்டி, பயிரில்லாத நாளிலும் அவன் குலம் அற்றுப்போகாமல் காத்து வைத்திருப்பதே அக்குற்றமாகும்.

அந்தப் பகைவனை ஜொகூர் மண்ணில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். குளுவாங்கைச் சுற்றி ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பால்மரக் காடுகள் நின்றன. பின்னர் செம்பனை வந்தது. இன்று செம்பனைகளுக்கிடையே ஆங்காங்கே வெண்ணிற நெகிழித்தாள் போர்த்திய நீண்ட கூடங்களும் தென்படுகின்றன. அவைதாம் பசுமைக்குடில்கள். குளிர்நாட்டார் பனிக்கு அஞ்சி அமைத்துக்கொண்ட கண்ணாடி வீட்டைக் குளிரே அறியாத நாட்டில் எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இங்கே அச்சம் மழையைப் பற்றியது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மண்ணில், முலாம்பழக் கொடியின் இலை ஓயாமல் நனைந்தால் பூசண நோய் பற்றும். பழம் பழுக்கும் வேளையில் நீர் மிகுந்தால் இனிப்புக் குறையும், தோல் வெடிக்கும். கூரை இருந்தால் அத்தொல்லை குறைகிறது. வெள்ளரி, தக்காளி, மிளகாய், அண்மைக் காலத்தில் அத்தி என்று விலை போகும் காய்கனிகள் பலவும் கூரையின்கீழ் வந்துவிட்டதற்கு இதுவே காரணம்.

இலைக்கு நன்மை செய்த கூரை வேருக்கும் நன்மையே செய்தது என்று சொல்வதற்கில்லை. குடிலுக்குள் மண் ஆண்டு முழுதும் கதகதப்பாக இருக்கிறது. சொட்டுநீரால் அளவாக ஈரமாகவும் இருக்கிறது. வயலைப் போல் வெள்ளம் தேங்கி மண்ணுயிர்கள் மூச்சுத் திணறும் நாளும் அங்கே இல்லை. குடில் கட்டச் செலவிட்ட பணத்தை மீட்க வேண்டுமே என்னும் கவலையால் ஒரே பயிரை, அல்லது அதன் உறவுப் பயிரை, ஓய்வின்றித் திரும்பத் திரும்ப நடுகின்றனர். பகைவன் ஒருவனுக்கு விருந்து மண்டபம் கட்டித் தர வேண்டுமாயின் இதைவிடச் சிறப்பாகக் கட்ட இயலாது.

பகைவனின் பெயர் வேர்முடிச்சு நூற்புழு. நூற்புழு என்றவுடன் நூலகத்து அலமாரியில் ஏட்டை அரிக்கும் பூச்சி தமிழாசிரியர் நினைவுக்கு வரலாம். இங்கே நூல் என்பது இழை. அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாத, கண்ணுக்குப் புலப்படாத, வெண்ணிற இழை போன்ற உயிர் அது. மண்ணின் ஈரத்தில் நெளிந்து சென்று இளவேரின் நுனியருகே துளைத்து உட்புகும். புகுந்த பின் ஓரிடத்தில் நிலைகொண்டு, செடியின் உயிரணுக்கள் சிலவற்றைத் தன் சுரப்பால் மயக்கி, அவற்றைப் பூதாகரமாக வீங்கச் செய்து, அவற்றிலிருந்தே வாழ்நாள் முழுதும் உண்ணும். வேர் முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். பெண்புழு உருண்டு திரண்டு பேரிக்காய் வடிவம் கொள்ளும். பின்னர் அதனால் அசையவும் இயலாது. இவ்வினத்துக்கு மெலாய்டோகைனி என்று அறிவியலார் பெயர் சூட்டியுள்ளனர். கிரேக்க மொழியில் கனி உருவினளாகிய பெண் என்பது அதன் பொருள். 1887ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களின் நோயை ஆராய்ந்த கோல்டி என்பவர் இட்ட பெயர் அது.

கோல்டிக்கு முன்பே இப்புழுவைக் கண்டவர் ஒருவர் உண்டு. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மைல்ஸ் ஜோசப் பெர்க்கிலி என்னும் சமய குரு, வெப்பக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் முடிச்சுகளைக் கண்டு, அவற்றுள் புழுக்களும் முட்டைகளும் இருப்பதை எழுதி வைத்தார். இப்புழுவைப் பற்றிய முதற் பதிவே குடிலுக்குள் வளர்ந்த காய்ப்பயிரிலிருந்து கிடைத்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நம்மவர் வரலாற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 1901இல் நீலகிரிப் பகுதியின் தேவாலாவில் தேயிலை வேரில் இந்நோய் இருப்பதைப் பார்பர் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு பற்றிய முதற் செய்தியாக அதையே சொல்வர். மலேசியாவில் 1980களில் கொய்யா மரங்களில் இது ஆராயப்பட்டது. 2016இல் தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களில் இதன் கொடிய உறவினம் ஒன்று கண்டறியப்பட்டது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ 25 முதல் 30 நாள் ஆகும். ஒரு பெண்புழு சில நூறு முட்டைகளைப் பசை போன்ற பொதியில் இடும். முந்நூறு என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் பத்தில் ஒன்றே பிழைத்து வேரை அடைந்தாலும் முப்பது. அடுத்த தலைமுறையில் தொள்ளாயிரம். முலாம்பழம் நட்டு அறுவடை செய்ய ஏறத்தாழ 70 நாள். ஆக, நட்ட அன்று வேருக்குள் புகுந்த ஒரு புழு, பழம் பறிக்கும் நாளில் பல நூறு புழுக்களை விட்டுச் செல்கிறது. அடுத்த பயிர் அந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்கும்.

இந்நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் முறை வஞ்சகமானது. காலையில் கொடி நிமிர்ந்து நிற்கும். நண்பகலில் நீர் இருந்தும் இலைகள் துவளும். மாலையில் மீண்டும் நிமிரும். தோட்டக்காரர் நீர் போதவில்லை என எண்ணி நீரைக் கூட்டுவார்; இலை வெளுத்தால் எருவைக் கூட்டுவார். நோய் மண்ணுக்குள் இருக்க, மருத்துவம் இலைக்கு நடக்கும். முடிச்சிட்ட வேரின் காயங்கள் வழியே வாடல் நோய்ப் பூசணமும் உள்ளே நுழைந்துவிட்டால் கொடி ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். அப்போது பூசணத்தின் மேல் பழி விழும். கதவைத் திறந்துவிட்டவன் தப்பிவிடுவான்.

இவ்வளவும் பயிரின் கதை. பயிரைப் பிடுங்கிவிட்ட பின் புழு என்னவாகிறது என்பதுதான் முதன்மையான வினா. உணவளிக்கும் வேர் கிடைக்காத இளம்புழு நெடுநாள் வாழாது. தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பைக் கரைத்தே அது உயிர் வாழ்கிறது; மண் வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்தால் அக்கொழுப்பு விரைந்து தீரும். ஆகவே வேர் ஒன்றுமே இல்லாத வெறுநிலமாகச் சில திங்கள் கிடந்தால் புழுவின் தொகை பெரிதும் குறையும். ஆனால் நிலம் வெறுமையாகக் கிடப்பது எங்கே? பயிர் போன மறுவாரமே களை எழும். தரிசு என்று நாம் பெயரிட்டு விட்டுவைத்த நிலம் புழுவின் கணக்கில் தரிசே அன்று. வேறு பயிர் நட்ட வயல்.

எல்லாக் களையும் ஒரே அளவில் இடங்கொடுப்பதில்லை. மணத்தக்காளி தக்காளிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நெருங்கிய உறவு. அவற்றைத் தாக்கும் புழுவுக்கு அதன் வேர் அந்நியமன்று. முள்ளுக்கீரையின் வேரிலும் பருப்புக்கீரையின் வேரிலும் முடிச்சுகளைக் காணலாம். மலாய்க்காரர் ‘தாஹி ஆயாம்’ என வழங்கும், ஊதாப் பூக்கள் கொத்தாகப் பூக்கும் களையும் இப்பட்டியலில் சேர்ந்ததே. இவற்றுள் முதல் மூன்றும் நம் வீட்டுச் சமையலறைக்கு வரும் கீரைகள். களைக்கும் கீரைக்கும் இடையே நம் பாட்டிமார் கோடு கிழித்ததே இல்லை.

கோரையின் செயல் இவை எல்லாவற்றையும் விஞ்சியது. அதன் வேரிலும் புழு வாழும். ஆனால் பெரும்பாலும் முடிச்சே தெரியாது. பிடுங்கிப் பார்ப்பவர் குற்றமற்றது என்று தீர்ப்பளித்துவிடுவார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து மிளகாய் வயல்களில் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள், கோரைக்கிழங்குக்குள் புகுந்துகொண்ட புழு, மண்ணுக்குள் செலுத்தப்பட்ட நச்சுப் புகையிலிருந்துகூடத் தப்பிவிடுவதைக் கண்டனர். நஞ்சு தீர்ந்த பின் கிழங்கு முளைக்கும், புழுவும் வெளிவரும். நாட்டு மருந்துக் கடையில் காய்ச்சலுக்கென வாங்கும் அந்தச் சிறு கிழங்கு, புழுவுக்குக் கோட்டையாக அமைந்துவிட்டது.

குளுவாங் வட்டாரத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து முலாம்பழம் பயிரிட்ட ஓர் இளைஞரின் குடிலில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு அறுவடைகள் நன்றாக வந்தன. மூன்றாவதில் நடுப்பாத்திகள் நண்பகலில் துவளத் தொடங்கின. பழங்கள் கைப்பிடி அளவிலேயே நின்றன. கடன் வாங்கிப் போட்ட கூரை. தவணை மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும். அந்நாளில் அவருடைய பாட்டி குடிலைப் பார்க்க வந்தார். எழுபதைக் கடந்தவர்; பால்மரத் தோட்டத்தில் இளமை முழுதும் வெளிக்காட்டு வேலை செய்தவர். குடிலின் ஓரத்தில் செழித்து நின்ற மணத்தக்காளியைப் பார்த்ததும் கீரைக்கென்று இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறினார்.

“ஐயா, இதைப் பாத்தியா? வேரெல்லாம் பாசிமணி கோத்த மாதிரி இருக்கு.”

“அது களைதானே பாட்டி. ஓரத்துல கெடக்கு, கொடிக்கு ஒன்னும் போட்டியில்ல.”

“ஓரத்துல கெடந்தா என்ன? உன் கொடி வேரையும் ஒன்ன எடுத்துப் பாரேன்.”

எடுத்துப் பார்த்தார். அதே பாசிமணி.

பாட்டிக்கு நூற்புழு என்னும் சொல் தெரியாது. களையை வேரோடு பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தோட்டத்து வரலாற்றுக்குள் சிறிது போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் துப்புரவுக் களையெடுப்பே நெறியாக இருந்தது. மரங்களுக்கிடையே புல் ஒன்றுகூடத் தலைகாட்டலாகாது. விடியற்காலைப் பிரட்டு முடிந்ததும் பெண்களும் சிறுவரும் கங்காணியின் பின்னே நிரை பிடித்துக் குனிந்தனர். லாலாங் புல்லின் வேர்க்கிழங்கு ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மீண்டும் முளைக்குமாதலால், வேரைத் தோண்டி எடுத்துக் காட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கொள்வர். களையின் தலையைக் கிள்ளுவது வேலையாகாது என்பதை அந்தப் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றனர்.

அந்நெறி மண்ணுக்கு நன்மை செய்ததா என்றால் இல்லை. வெறுமையாக்கப்பட்ட குன்றுச் சரிவுகளின் மேல்மண்ணை மலாயாவின் மழை வாரிக்கொண்டு போனது. ஓடைகள் செந்நிறமாக ஓடின. பின்னர் உண்மை உணர்ந்து, மரங்களுக்கிடையே பயறு இனக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டனர். 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகமும் அதனை ஊக்குவித்தது. எனவே துப்புரவுக் களையெடுப்பு என்றவுடன் வேளாண்மை கற்றவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. அது நியாயமும்கூட. ஆனால் திறந்த குன்றுக்குரிய நியாயத்தைக் கூரையின்கீழ் உள்ள சமநிலத்துக்கு அப்படியே கொண்டுவருதல் பொருந்தாது. அங்கே மழை மண்ணை அரிக்க வழியில்லை. அங்கே வெறுநிலம் தீங்கன்று. புழுவுக்கு மட்டும் தீங்கு. பிழையென்று கைவிடப்பட்ட ஒரு பழைய நெறி, இடம் மாறியவுடன் மருந்தாகிவிடுவதை இங்கே காண்கிறோம்.

மருந்து என்னும் சொல்லும் சற்று நின்று பார்க்க வேண்டியதே. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்றே நம் மக்கள் சொன்னார்கள். நஞ்சுக்கு மருந்தென்று பெயர் வைத்தது யாரோ. அதை முதுகில் சுமந்தவர் பெரும்பாலும் நம் பெண்கள். பாரகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி, பல்லாண்டு வாதப் பிரதிவாதங்களுக்குப் பின், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் களை பணிந்துவிடவில்லை. கிளைபோசேட்டுக்கு அசையாத ‘சம்பாவ்’ புல் 1997இலேயே இந்நாட்டில் கண்டறியப்பட்டுவிட்டது.

களைக்கொல்லி தன் வேலையைச் செய்தாலும் நூற்புழுவின் கணக்கு அதனால் தீர்வதில்லை. இலை கருகுகிறது, நிலம் துப்புரவாயிற்று என்று கண் மகிழ்கிறது. வேருக்குள் ஏற்கெனவே பொதிந்துள்ள முட்டைகள் மண்ணிலேயே தங்குகின்றன. கோரையோ கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கிறது. புழுவையே கொல்லும் நஞ்சுகளின் வரலாறும் மகிழ்ச்சி தருவதன்று. 1950களில் வந்த டிபிசிபி என்னும் நூற்புழுக்கொல்லி, அதனைத் தயாரித்த ஆலைத் தொழிலாளரின் மகப்பேற்று ஆற்றலைக் கெடுத்தது 1977இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. மண்ணுக்குப் புகையூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு வான்வெளியின் ஓசோன் படலத்தை அரிப்பதாகக் கண்டு, உலக நாடுகள் உடன்பட்டு அதனைப் படிப்படியாக விலக்கின. குளிர்நிலத் தக்காளிக்கு வாய்த்த இயற்கை எதிர்ப்பாற்றலும் ஜொகூரின் தாழ்நிலத்தில் நம்பத் தக்கதன்று. காட்டுத் தக்காளியிலிருந்து கலப்பினால் பெற்ற அப்பண்பு, மண்ணின் வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் தளர்ந்துவிடும். முலாம்பழத்துக்கோ அப்படியொரு காவலும் கிடையாது.

ஆகவே இளைஞரின் முன் நின்ற வினா வேளாண்மை வினா மட்டுமன்று. இரண்டு திங்கள் பாத்தியை வெறுமையாக விட்டால் ஓர் அறுவடை போகும். தவணை கட்ட வேறு வழி காண வேண்டும். விடாமல் நட்டால் அந்த அறுவடையும் கைப்பிடிப் பழமாகவே முடியும். நட்டம் இரு பக்கமும் உண்டு. எந்த நட்டம் நிலத்தைத் திருப்பித் தரும் என்பதே கேள்வி. அவர் பாதிக் குடிலை வெறுமையாக்கினார். மறுபாதியில் பைகளில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, எரு கலந்த நீரைச் சொட்டவிட்டு நட்டார். மண்ணைத் தொடாத இந்த முறையும் மலேசியாவில் பரவலாக வழக்கில் உள்ளது. ஆயினும் பையின் அடித்துளை வழியே வேர் கீழ்மண்ணில் இறங்கிவிட்டால் நிலைமை பழையபடியே. பைகளுக்கடியில் விரித்த பாய் கிழிந்த இடங்களில் களை எட்டிப் பார்ப்பது அதற்கு முன்னறிவிப்பு.

வெறுமையாக்கிய பாதியில்தான் பாட்டிக்கு வேலை. தோட்டத்தில் மாதம் ஒரு சுற்று களையெடுத்த பழக்கத்தில் அவர் மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார். பேரன் கணக்குச் சொன்னார். களை முளைத்தவுடன் புழு வேருக்குள் புகும்; புகுந்தது நிலைகொண்ட பின் வெளியே வர இயலாது; மூன்று வாரத்துக்குள் அந்தக் களையைப் பிடுங்கிவிட்டால் முட்டையிடாத புழுவும் அதனோடு வெளியேறிவிடும்; நான்காம் வாரமானால் முட்டைப் பொதி மண்ணில் உதிரும். பாட்டி சிறிது எண்ணிப் பார்த்து, “அப்ப எலிப்பொறி மாதிரி. எலி உள்ள வந்ததும் பொறியத் தூக்கணும், குட்டி போட விடக்கூடாது,” என்றார். இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் விளக்கிவிட முடியாது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றாயிற்று. பிடுங்கிய களையைக் குடிலின் மூலையில் குவிக்கும் வழக்கமும் நின்றது. நிழலில் ஈரமாகக் கிடக்கும் குவியலில் முட்டைகள் சாவதில்லை. சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்தனர்.

வெயிலில் மண்ணைச் சுடுவதும் முயலப்பட்டது. ஈரமான பாத்தியைக் கண்ணாடி போன்ற நெகிழித்தாளால் இறுக மூடி, கதிரவனின் வெப்பத்தாலேயே மண்ணிலுள்ள நோய்களைக் கொல்லும் முறையை 1976இல் இஸ்ரேலிய அறிஞர் காட்டான் வெளியிட்டார். இஸ்ரேலின் வானத்தில் கோடை முழுதும் முகில் இல்லை. குளுவாங்கில் பிற்பகல் ஆனதும் முகில் கூடிவிடும். மேல்மண் சுடும், ஒரு முழம் ஆழத்தில் புழு இளைப்பாறும். முயன்றதில் குற்றமில்லை, அதையே நம்பியிருந்தால் குற்றம்.

செண்டுமல்லியும் நடப்பட்டது. அதன் வேரில் நூற்புழுவுக்கு நஞ்சான ஒரு பொருள் இருப்பது உறுதி செய்யப்பட்ட செய்தி. சணப்பும் அவ்வாறே பயன்படும். தீபாவளிக்குப் பூவும் ஆயிற்று, மண்ணுக்கு நன்மையும் ஆயிற்று என்று மகிழலாம். ஆனால் செண்டுமல்லிச் செடிகளுக்கிடையே முள்ளுக்கீரையை வளரவிட்டால், நஞ்சை விட்டு விலகி விருந்துக்குப் போகப் புழுவுக்கு வழி கிடைத்துவிடுகிறது. பகைப் பயிர் நட்டோம் என்னும் நம்பிக்கையில் களையை மறந்தவர்கள் பயன் காணாமல் போவதற்கு இதுவே காரணம். செண்டுமல்லியின் வகைகள் எல்லாம் புழுவின் எல்லா இனங்களையும் அடக்கிவிடுவதும் இல்லை.

வெள்ளி நிற நெகிழித்தாள் போர்த்திய பாத்திகளில் களை அடங்கிக் கிடக்கும் என்பது உண்மை. கோரை மட்டும் ஊசியென அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அதைக் கண்டதும் இளைஞர்கள் நுனியைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பாட்டி தாளைக் கிழித்து, கையை உள்ளே விட்டு, கிழங்கோடு எடுப்பார். தாள் வீணாகிறதே என்று பேரன் குறைப்பட்டதுண்டு. தாளின் விலை பேரனுக்குத் தெரியும். கிழங்கின் விலை பாட்டிக்குத் தெரியும்.

அந்தப் பாதிக் குடில் முற்றிலும் நலம் பெற்றதென்று எழுதினால் அது கதையாகிவிடும். அடுத்த நடவில் கொடிகள் நண்பகலில் துவளவில்லை. பழங்கள் விற்கும் அளவுக்கு வந்தன. பிடுங்கிப் பார்த்த வேர்களில் முடிச்சுகள் இருக்கவே செய்தன, குறைவாக. கோரை மிகுந்திருந்த வடக்கு மூலை மட்டும் பழையபடியே இருந்தது. அந்த மூலையை மூன்றாவது திங்களும் வெறுமையாக விட வேண்டியதாயிற்று.

தமிழ்ப்பள்ளியின் தோட்டத்தில் பசுமைக்குடில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வாளித் தண்ணீர் போதும். மாணவர்கள் களையை இழுத்துப் பறிக்காமல், சிறு கரண்டியால் மண்ணோடு தோண்டி, வாளியில் மெல்ல அலசி, வேரை வெள்ளைத் தாளில் பரப்பட்டும். முடிச்சுகளைக் கண்டவுடன் எல்லாமே நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. பயறு இனச் செடியின் வேரில் காற்றின் நைட்ரசனைச் செடிக்கு உணவாக்கித் தரும் நன்மை முடிச்சுகளும் உண்டு. அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்; விரலால் தேய்த்தால் உதிரும்; நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது. உதிராது, உதிர்க்க முயன்றால் வேர் அறும். நன்மையும் தீமையும் ஒரே வடிவில் தோன்றுவதை விரல் நுனியால் பிரித்தறியும் இப்பயிற்சி பத்து வயதுக் குழந்தைக்கும் எளிது.

குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் போதும்: பறித்த நாள், களையின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், வேரில் கண்டது. மணத்தக்காளிக்கும் முள்ளுக்கீரைக்கும் கோரைக்கும் இரண்டாம் கட்டம் உடனே நிரம்பிவிடும். ஊதாப் பூக் களைக்கு வரும்போது மாணவர்கள் விழிப்பார்கள். மலாய்ப் பெயருக்குக் கோழியின் எச்சம் என்று பொருள். செடியைக் கசக்கி முகர்ந்தால் பெயரின் காரணம் புரியும். வீட்டில் பாட்டி இருக்கும் பிள்ளைகள் கேட்டு வரட்டும். மற்றவர்கள், ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘கோழியெச்சப் பூண்டு’ என்று எழுதிக்கொள்ளலாம்.